மூடுகல்

ஆலயத்து மணி ஒற்றையடியாக ஒலிக்கத் தொடங்கியபோது ராஜதாஸ் கல்லின் முகத்தில் ஈரமணல் இட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கையை அவன் நிறுத்தவில்லை. இடக்காதில் அவனுக்கு ஒன்றும் கேளாது; ஆகையால் வலக்காதை ஆலயத்தின் பக்கம் திருப்பி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் சாவுமணிக்குரிய நீண்ட இடைவெளி உள்ளதா என்று கவனித்தான். இருந்தது. அண்ணன் பொன்னையன் இறந்துவிட்டார்.

"அண்ணா, மணி அடிக்குவு," என்றான் கொட்டகையின் மறுபுறத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்த சோமன். அவன் ராஜதாசிடம் பல ஆண்டுகளாகக் கல்வேலை செய்பவன்.

"கேட்டு." கேட்டது என்பதை அவ்வூரார் அவ்வாறு சுருக்கிச் சொல்வர்.

"நிப்பாட்டாண்டாமா?"

"இந்த ஓரம்கூடி தேயணும். நீ வெள்ளம் ஊத்து."

சோமன் நீரை ஊற்றினான். மணல் வழிந்த இடத்தில் கல் நீலம் கலந்த கருமையோடு மின்னிற்று. ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், நான்கு விரற்கடைக் கனம். முகத்தில் ஒரு வெண்புள்ளியும் இல்லை.

"நல்ல கல்லாக்கும். தட்டிப் பாத்தாச்சா?"

"எனக்க காதால பாத்தாச்சு."

"ஒத்தக் காதாலயா?"

"இதுக்கு ஒரு காது போரும்."

சோமன் சிரித்தான், ராஜதாஸ் சிரிக்கவில்லை.

நல்ல கருங்கல்லைச் சுத்தியலால் தட்டினால் அது மணியைப்போல் ஒலிக்கும். உள்ளே கீறல் ஓடிய கல்லோ பானையோட்டைத் தட்டியதுபோல் ஒலியின்றி அடங்கிவிடும். கல்வேலை செய்வோர் அதனை ஊமைக்கல் என்பர். ஊமைக்கல்லை உடைத்து அஸ்திவாரத்தில் இடலாம். மண்மேல் தளமாகப் பரப்பலாம். இரண்டு சுவர்களின்மேல் பாலம்போல் கிடத்தலாகாது. இரண்டு கோடைகளின் வெயிலும் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை இரண்டும் போதும். கீறல் வழியே பிளந்து, தனக்குக் கீழே கிடப்பதன்மேல் விழும்.

கீழே கிடக்கப்போகிறவர் பொன்னையன்.

அண்ணனுடைய நோய் இனித் தீராது என்று மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிய செய்தி மூன்று மாதங்களுக்கு முன்னர் ராஜதாசுக்குக் கிடைத்தது. அன்றே அவன் பாறைக்குச் சென்று தேடத் தொடங்கினான். பாறை என்று அவ்வூரார் சொல்வது, கல் உடைக்கும் குன்றை. நல்ல கல்லைத் தேடுவதினும் அவன் தேடியது அரிதாயிருந்தது. முகம் அழகாயிருக்க வேண்டும். பார்ப்பவர் புகழ வேண்டும். உள்ளே மட்டும் கெட்டிருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் அது கிடைத்தது. அன்று தொட்டு அவனே உளி பிடித்தான். வேறு எவரையும் அதன்மேல் சுத்தியல் வைக்க விடவில்லை.

அந்தப் பகை தொடங்கியது இரண்டாண்டுகளுக்கு முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்காம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். திருவிதாங்கூரில் தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த காலம். ராஜதாசும் வேறு சிலரும் பாறையிலிருந்து பெருங்கற்களைப் புரட்டிக் கொணர்ந்து பேருந்து செல்லும் சாலையை அடைத்தனர். மறுநாள் போலீசார் வீடு வீடாகத் தேடினர். ராஜதாஸ் பாறையின் மேற்கில், கல் வெட்டியெடுத்த குடைவு ஒன்றில் ஒளிந்திருந்தான். அவன் அங்கிருப்பதை அறிந்தவர் ஒருவரே. காலையில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன அண்ணன்.

நண்பகலில் போலீசார் வேறெங்கும் தேடாமல் நேரே பாறைக்கு வந்தனர். விலங்கு மாட்டியவன், "நின்றெ சேட்டன் தன்னெயாடா பறஞ்ஞு தந்தது," என்றான். உன் அண்ணனே சொல்லித் தந்தான் என்று பொருள். ஜீப்பில் செல்லும்போது அவர்களுள் ஒருவன் ஏதோ ஒரு சொல்லை வாயைக் கோணிக்கொண்டு நீட்டி நீட்டிச் சொல்ல, மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தனர். அச்சிரிப்பின் காரணம் ராஜதாசுக்கு விளங்கவில்லை. இரண்டு காதுகளாலும் அவன் தெளிவாகக் கேட்ட இறுதிச் சிரிப்பு அதுவே. அன்று மாலை விழுந்த அடியில் இடக்காதுக்குள் ஏதோ கிழிந்தது.

பதினொரு மாதச் சிறைக்குப் பின் அவன் திரும்பி வந்தபோது அண்ணன் வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். ராஜதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருமுறை அண்ணன் மனைவி சத்தியபாய் பேச வந்தாள். "மைனி, அந்த மனுசனுக்க பேச்ச எனக்க வாசல்ல எடுக்காண்டாம். எடுத்தா உனக்கும் இந்த வாசல் இல்ல," என்று அவன் கதவைச் சாத்தினான். அதன்பின் அவள் வரவில்லை.

அந்த வாசலே அவனுக்கு ஒரு முள்ளாக இருந்தது. எட்டாண்டுகளுக்கு முன்பு அவன் தனிவீடு கட்டியபோது வாசற்கல்லை அண்ணன் கொடுத்தார். பாறையிலேயே மிகச் சிறந்த கல். தட்டினால் ஆலயமணிக்கு மறுமொழி கூறுவதுபோல் ஒலிக்கும். அதன் நீளத்தையும் அகலத்தையும் கண்ட உபதேசியார் எலியா, "எலே பொன்னையா, இது வாசற்கல்லா, கல்லறைக்க மூடியா?" என்று கேட்டு அனைவரையும் சிரிக்கவைத்ததுண்டு. சிறையிலிருந்து வந்தபின் ராஜதாஸ் அதைப் பெயர்த்தெறிய நினைத்தான். கல் என்ன பிழை செய்தது என்று விட்டுவிட்டான். ஆயினும் அதனை மிதிப்பதில்லை என்று உறுதிகொண்டான். வீட்டிற்குள் புகும்போதெல்லாம் வலக்காலை உயர்த்தி, நீண்ட ஓரெட்டாக அதைத் தாண்டிச் செல்வான். "கொக்கு வருது, வழி விடுங்க," என்பாள் அவன் மனைவி லீலாபாய்.

மணி ஓய்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் எலியா குடையோடு கொட்டகைக்குள் வந்தார்.

"பொன்னையன் போயாச்சுலே."

"மணி கேட்டு."

"கேட்டும் கல்லுதான் தேச்சிட்டிருக்கிய." எலியா குடையை மடக்கினார். "நல்ல நாளு பாத்துத்தான் போயிருக்கான். நாளைக் கழிஞ்சா நம்ம ராஜ்யம் வேறயாக்கும். நாலு தாலுக்கா மெட்ராசுக்குப் போவுது. நம்ம தாலுக்கா அதில இல்ல, நமக்குப் பட்டை நாமம். அவன் பழைய ராஜ்யத்துக்காரனாட்டே போயிட்டான். நீதான் காதும் குடுத்து, ஊரும் கிட்டாம நிக்கிய."

"வந்த காரியம் சொல்லும், உபதேசியாரே."

"குழிக்கு வெட்டுகல்லு கெட்ட ஆளு விட்டாச்சு. மூடுகல்லு இல்ல. உனக்கிட்ட கேக்கச் சொல்லி சத்தியபாய் விட்டா. அவன் தரமாட்டான் தாயே, வேற எஞ்ஞயாவது பாப்போம்ணு நான் சொன்னேன்."

"இன்னா கிடக்கு."

எலியா குனிந்து பார்த்தார். உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்து மெல்ல இழுத்தார்.

"இதுவா? எலே, இத ஆலயத்தில அல்தாருக்கு இடலாமே. எப்பம் செய்ததாக்கும்?"

"மூணு மாசமாட்டு."

"மூணு மாசம்." கிழவர் கையைக் கல்லின்மேலேயே வைத்திருந்தார். "அப்பம் நீ பொறுத்திட்டியா, மக்கா? ஒரு வார்த்த அவனுக்கிட்ட சொல்லியிருந்தா அவன் நிம்மதியாட்டுப் போயிருப்பானே."

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? கல்லு சொல்லும்."

எலியா கண்களைத் துடைத்துக்கொண்டு அச்செய்தியை ஊரில் பரப்பச் சென்றார். ராஜதாஸ் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கல்லை ஏற்றுவித்தான். வழியில் அது பிளந்துவிடலாகாது. தன் வாழ்நாளில் எந்தக் கல்லையும் அவன் அத்துணைப் பரிவோடு அனுப்பியதில்லை.

அந்த ஆலயத்துச் சபையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. மகன் இல்லாதவருடைய மூடுகல்லின் முதல் மூலையை உடன்பிறந்தவன் பிடிக்க வேண்டும். பிடிப்பவன் அதற்குமுன் வீட்டிற்கு வந்து இறந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பொன்னையனுக்கு மகன் இல்லை. எனவே ராஜதாஸ் குளித்து வெள்ளை வேட்டி உடுத்து, இரண்டாண்டுகளாக மிதியாத அந்த முற்றத்தை மிதித்தான். அவனுக்குத் தயக்கம் ஏதும் இல்லை. வெட்டுகல் எனும் செம்பாறைக்கல், மண்ணுக்குள் இருக்கும்வரை கத்திக்கு இசையும். வெளிக்காற்றுப் பட்டபின் இறுகிவிடும். சிறையிலிருந்து வெளிவந்தபின் தன் நெஞ்சும் அவ்வாறு இறுகியது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. தோற்றவனுடைய முகத்தைப் பார்க்கச் செல்பவன்போல் நிமிர்ந்து சென்றான்.

முற்றத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டனர். "பெரிய மனசாக்கும்," என்று ஒருவர் கூறியது வலக்காதில் விழுந்தது.

பொன்னையனைக் கூடத்து விசிப்பலகையில் கிடத்தியிருந்தனர். உடல் பாதியாகச் சுருங்கியிருந்தது. மேலுதட்டை முழுவதும் மறைக்குமாறு மீசை வளர்த்திருந்தார். முன்பு அவருக்கு மீசை கிடையாது. தாடையைச் சுற்றித் தலையில் கட்டியிருந்த துணி நெகிழ்ந்து வாய் சற்றே திறந்திருந்தது.

"அத ஒண்ணு முறுக்கிக் கெட்டு, மக்கா," என்றாள் தலைமாட்டில் அமர்ந்திருந்த சத்தியபாய். "எனக்க கையில பெலமில்ல."

ராஜதாஸ் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். வாய் மேலும் திறந்தது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. மீசைக்கடியில் உதட்டின் குறுக்கே பழைய தையல் தழும்பு ஒன்று ஓடியது. நோயால் விழுந்த பற்கள் அல்ல அவை. ஒடிந்த வேரொன்று ஈறில் நின்றது. எதுவும் எப்படி உடைந்தது என்று பார்த்தறிவது அவன் தொழில். கேட்கக்கூடாது என்று எண்ணுமுன்னரே வாய் கேட்டுவிட்டது.

"இந்தப் பல்லு எப்பம் போச்சு?"

சத்தியபாய் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உன்ன போலீசு பிடிச்ச அண்ணைக்கு."

அவன் கைகள் துணியின்மேல் நின்றன.

"ரண்டு வருசமாட்டு நீ கேப்பிய கேப்பியண்ணு இருந்தேன்," என்றாள் அவள். அழுகையின்றி, வீட்டுக்காரியம் ஒன்றைச் சொல்பவள்போல் சொன்னாள். "கஞ்சிப் பாத்திரத்தோட வீட்டுல வந்து கேறினாரு. பொறத்தால ஜீப்பு. இன்ஸ்பெக்டரு மலையாளத்தில கேட்டான், அவன் எவிடெயாடாண்ணு. இவரு வாயத் தொறந்து மிண்டல்ல. லாத்திக்க கட்டையால வாயில ஒரு குத்து. பின்னயும் கேட்டான். அப்பம் இவரு, அவனுக்கு நல்லா வெளங்கட்டும்ணு மலையாளத்திலயே சொன்னாரு, பறயில்லாண்ணு."

பறயில்லா. சொல்லமாட்டேன்.

"வாயி நெறைய சோரை, ஒரே ரத்தம். பல்லு நாக்கில கிடக்கு. உதடு ஒட்டல்ல. அந்த வார்த்த இழுத்துப் போச்சு, மக்கா. அவனுவளுக்குப் பாறயிலாண்ணு கேட்டு."

பாறயிலா. பாறையில் இருக்கிறான்.

"ஒரு நீட்டுக்க வித்தியாசமாக்கும். கதவுக்குப் பொறத்தால நிண்ண எனக்கும் ஆதியம் அப்படித்தான் கேட்டு. இவரு பின்னால ஓடினாரு. பறயில்லாண்ணாக்கும் சொன்னேன் சாறே, பறயில்லாண்ணாக்கும்ணு விளிச்சிட்டே ஓடினாரு. விளிக்க விளிக்க அது பின்னயும் பாறயாட்டுத்தான் வந்து. அவனுவ சிரிச்சிட்டுப் போனானுவ."

கூடத்தில் பெண்கள் ஞானப்பாட்டு ஒன்றை எடுத்தனர். ராஜதாஸ் வலக்காதை அவள்பக்கம் திருப்பினான்.

"எனக்கிட்ட என்னத்துக்குச் சொல்லல்ல?"

"நீ விட்டியா?"

அவன் துணியின் நுனியைத் தேடிப் பற்றினான்.

"நான் பின்னயும் வரத்தான் இருந்தேன். இவரு விடல்ல. எந்த வாயில இருந்து போச்சோ அந்த வாய வச்சு நியாயம் சொல்லமாட்டேண்ணாரு. அந்த பாசையே வேண்டாம்ணு விட்டாரு. அதுக்குப் பொறவு ஒரு வார்த்த மலையாளம் பேசல்ல, சாவற வர."

அதை ராஜதாஸ் அறிவான். ஊரே அறியும். தாலுகாக் கச்சேரியிலும் சந்தையிலும் தமிழன்றி வேறு பேசாமல் நின்று பொன்னையன் அவமானப்பட்டதை வந்து சொன்னவர்களிடம், "காட்டிக் குடுத்த பொறவு அவனுக்குத் தமிழ்ப்பற்று முளைச்சாச்சு," என்று அவன் எள்ளி நகையாடியதுண்டு.

மைனி இப்போது கட்டியுரைக்கும் கதையோ என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தான். அவ்வாறு இருந்தால் நன்று என்றும் எண்ணினான். ஆனால் ஜீப்பில் அந்தப் போலீஸ்காரன் வாயைக் கோணி நீட்டிச் சொல்லிச் சிரித்த சொல், கேளாத இடக்காதுக்குள்ளிருந்து இப்போது தெளிவாக எழுந்தது. பா...றயிலா. பா...றயிலா.

துணியைத் தாடையின் கீழ் கொடுத்து இழுத்துத் தலையுச்சியில் முடிந்தான். முதல் முடிச்சு வழுக்கிற்று. மறுபடியும் முடிந்தான்.

"கல்லு நல்ல கல்லுண்ணு உபதேசியாரு சொன்னாரு," என்றாள் சத்தியபாய்.

அவன் எழுந்து வெளியே சென்றான்.

கல்லறைத் தோட்டத்தில் மழை நின்றிருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கி, போதகர் செபத்தை முடித்து மூன்று பிடி மண் இட்டார். குழியின் நான்கு பக்கமும் செந்நிற வெட்டுகல் சுவர். அதன் அருகே உருளைத் தடிகளின்மேல் அந்தக் கருங்கற்பலகை கிடந்தது. மழையில் நனைந்து அது மேலும் அழகாயிருந்தது. கூடியிருந்தவர்களுள் பெரும்பாலோர் குழியைவிடக் கல்லையே அதிகம் பார்த்தனர்.

"ராஜதாசே, வந்து மொத மூலையப் பிடி," என்றார் எலியா.

சோமனும் மற்ற மூவரும் கயிற்றைப் பற்றி நின்றனர். ராஜதாஸ் முன்னே வந்தான். மூலையைப் பிடிக்கவில்லை. வண்டியின் அடியிலிருந்து சம்மட்டியை எடுத்தான். கல்லின் நடுவில், முகத்தில் எந்த அடையாளமும் இல்லாத ஓர் இடத்தை, மூன்று மாதங்களாகத் தன் விரல் அறிந்த இடத்தை, ஒருமுறை தடவினான். பின்பு சம்மட்டியை ஓங்கினான்.

முதல் அடிக்குக் கல் ஒலிக்கவில்லை. இரண்டாம் அடிக்கும் ஒலிக்கவில்லை. மூன்றாம் அடியில் குறுக்கே இரண்டாகப் பிளந்து தடிகளுக்கிடையில் சரிந்தது.

முன்வரிசையில் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தனர். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "பெட்டிய எறக்கின பொறவும் பகை தீரல்லியே இவனுக்கு."

"காட்டத்தான் கொண்டு வந்திருக்கான். எல்லாரும் பாக்கணும்ணு," என்றார் மற்றொருவர்.

எலியா அவன் தோளைப் பற்றித் திருப்பினார். "நீ எந்த மனுசன்லே? மூணு மாசம் தேச்சது இதுக்குத்தானா?"

அது ஊமைக்கல், உபதேசியாரே. இவ்வளவே அவன் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால், ஊமையென்று அறிந்தவன் அதை ஏன் மூன்று மாதம் தேய்த்தான் என்று அடுத்த கேள்வி வரும். ராஜதாஸ் சம்மட்டியைக் கீழே வைத்தான். சோமன் பிளந்த கல்லின் உள்முகத்தைக் குனிந்து பார்த்தான். அங்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை துருவின் நிறத்தில் பழைய நீரோட்டக் கறை படிந்திருந்தது. அவன் நிமிர்ந்து தன் முதலாளியைப் பார்த்தான். பெண்களின் நடுவே நின்ற சத்தியபாயும் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியத் திருப்பு," என்றான் ராஜதாஸ்.

வாசற்கல்லின் அடியில் கடப்பாரை நுழையும் ஓசை கேட்டு லீலாபாய் உள்ளிருந்து வந்தாள்.

"கல்லறைக்குப் போன மனுசன் வாசலத் தோண்டுகிய. என்னவாக்கும் இது?"

"செத்த நேரம் மாறி நில்லு."

"அத மிதிக்கவும் மாட்டிய, கிடக்க விடவும் மாட்டியா?"

அவன் கடப்பாரையின்மேல் தன் முழு எடையையும் கொடுத்தான். எட்டாண்டு மண்ணைவிட்டுக் கல் எழுந்தது. அடியில் கரையான்கள் சிதறி ஓடின. சோமன் தன் ஆட்களுக்குச் சைகை காட்டினான். நால்வரும் சேர்ந்து அதை வண்டியில் ஏற்றினர்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் போய்விட்டிருந்தனர். எஞ்சியவர்கள் வண்டியில் வந்த கல்லை அடையாளம் கண்டுகொண்டனர்.

"அண்ணன் குடுத்த கல்லாக்கும் அது. அதயும் வீட்டுல வச்சிருக்க மனசில்ல. திரும்பக் கொண்டு எறியுகான்."

"கணக்குத் தீக்கட்டும், விடு."

ராஜதாஸ் அந்தச் சொற்களையும் கேட்டான். சுத்தியலின் பின்புறத்தால் கல்லின் நடுவில் ஒருமுறை தட்டி, வலக்காதைத் தாழ்த்தினான். ஒலி எழுந்து, வெட்டுகல் சுவர்களுக்குள் இறங்கி, நெடுநேரம் அங்கே நின்றது. வாயிற்பக்கம் சென்றுகொண்டிருந்த எலியா திரும்பிப் பார்த்தார். பின்னர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

முதல் மூலையை ராஜதாஸ் பிடித்தான்.

அவன் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை மறுபடியும் தூறிற்று. வாசலில் ஆறரை அடி நீளத்திற்கு ஒரு பள்ளம் கிடந்தது. அதில் கலங்கல் நீர் நின்றது. நடந்து வருவதற்காக லீலாபாய் அதன் ஒருபக்கத்தில் ஒரு பலாப்பலகையை இட்டிருந்தாள். ராஜதாஸ் அதைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்ததும் அவனுடைய வலக்கால் தானே உயர்ந்தது. நீண்ட ஓரெட்டாக, அங்கே இல்லாத கல்லைத் தாண்டி உள்ளே ஊன்றியது.